அழகர் மூக்கும் லெட்சுமியின் சொக்லட்டும்

லுணுகலையில் செய்யப்படும் ‘அழகர் சொக்லட்’டின் உறையைத் திருப்பிப் பார்த்தால், கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: ‘அழகர் நுகர்ந்து பார்த்தது’. அந்த வரியை அச்சடிக்கச் சொன்னவள் விஜயலெட்சுமி. சொக்லட் செய்கிறவளும் அவள்தான். அழகர் அவளுடைய புருஷன். முழுப்பெயரைச் சொல்ல ஊரில் யாருக்கும் பொறுமை கிடையாது, லெட்சுமி என்றால் போதும். அந்த ஒரு வரி நாலு வருஷம் அவள் வீட்டுக்குச் சோறு போட்டது. பிறகு ஒரு திங்கட்கிழமை காலையில் அதே வரி அவள் கழுத்தைப் பிடித்தது.

அன்று கொழும்பிலிருந்து ஜெயமலர் பேசினாள். பெரிய ஹோட்டல் ஒன்றுக்குச் சாமான் வாங்கும் பொறுப்பில் இருப்பவள், யாழ்ப்பாணத்துப் பெண். ஹோட்டலின் ஒவ்வோர் அறையிலும் தலையணைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சொக்லட் வைப்பார்களாம். வருஷம் முழுக்க அது அழகர் சொக்லட்டாகவே இருக்கட்டும் என்று அவள்தான் மேலிடத்தில் பேசி, மாதிரி அனுப்பச் சொல்லியிருந்தாள்.

“அக்கா, குறை நினையாதேங்கோ. எங்கட செஃப் வாயில வச்சவுடன துப்பிப்போட்டார். புகை மணக்குதெண்டு சொல்றார்.”

“புகையா? இங்க ஏதும்மா புகை? நாங்க வறுக்கிறதே கரண்டுலதான்.”

“எனக்கு விளங்கேல்ல அக்கா. நான் கெஞ்சித் தவணை கேட்டு வச்சிருக்கிறன். மூண்டாஞ் சனிக்கிழமை நானும் செஃபும் நேர வாறம். அண்டைக்கும் புகை மணந்தா, பிறகு நான் ஒண்டும் செய்யேலாது.”

லெட்சுமி போனை வைத்தாள். கொக்கோக் கொட்டை உடைத்துக்கொண்டிருந்த ஐந்து பெண்களும் கையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள். இந்த ஆர்டரை நம்பி, இன்னும் மூன்று பெண்களை வேலைக்கு வரச் சொல்லியிருந்தாள் அவள். மூன்று பேரும் தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலையை விடுவதாகத் தோட்டத் துரையிடம் சொல்லியும் விட்டார்கள். ஆர்டர் போனால் அவர்கள் எந்த முகத்தோடு மலைக்குத் திரும்பிப் போவார்கள்? எட்டுக் குடும்பத்தின் அடுப்பு இப்போது ஒரு சமையல்காரரின் நாக்கில் இருந்தது.

ஒரு சொக்லட்டை உடைத்து முகர்ந்தாள், மென்றாள். எந்தப் புகையும் தெரியவில்லை. எப்போதும் செய்வதைச் செய்தாள். இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டு அழகரிடம் போனாள்.

அழகரின் மூக்கைப் பற்றிச் சொல்லாமல் லெட்சுமியின் கதையைச் சொல்ல முடியாது. ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்து, பதினெட்டு வயதிலேயே கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டவள் அவள். கட்டிக்கொடுத்தது லுணுகலைக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்தில். அங்கே தேயிலை ஆலையில் அழகருக்கு வேலை. அரைத்த கொழுந்தைப் பரப்பிப் புளிக்க வைத்திருக்கும்போது, அது எந்த நிமிஷத்தில் அடுப்புக்குப் போக வேண்டும் என்பதை மூக்குதான் சொல்ல வேண்டும். ஒரு பிடி அள்ளிக் கசக்கி, கண்ணை மூடி, மூக்கருகே வைத்து, அழகர் “போதும்” என்பார். அதற்கு மேல் துரைகூட வாய் திறக்க மாட்டார். இருபத்தைந்து வருஷம் அந்த ஆலையில் தேயிலை அவர் மூக்கைத் தாண்டித்தான் வெளியே போனது.

நோய்க் காலத்தில் ஊரே காய்ச்சலில் படுத்தது. அழகரும் படுத்து எழுந்தார். அடுத்த வருஷம் டீசலும் இல்லை, உரமும் இல்லை, ஆலையை மூடினார்கள். அவர் வீட்டில் உட்கார்ந்தார். லெட்சுமி நாட்கூலிக்கு, மலைக்குக் கீழே பிபிலைப் பாதையிலுள்ள தோட்டங்களில் மிளகும் கொக்கோவும் பறிக்கப் போனாள். கடைகளில் வெளிநாட்டுச் சொக்லட் ஒன்றுகூட இல்லாத காலம் அது. மாதக்கணக்காகப் பறித்தும், இந்தக் கொட்டையிலிருந்து வருவது என்ன ருசி என்று அவளுக்குத் தெரியாது. அந்த எரிச்சல்தான் ஆரம்பம். ஒரு துவாய்த் துணி நிறையக் கொட்டையைக் கேட்டு வாங்கி வந்து, கோப்பி வறுப்பதுபோல் ஓட்டில் வறுத்து, சுளகில் புடைத்து, ஆட்டுக்கல்லில் போட்டு இரண்டு நாள் அரைத்தாள். பக்கத்து வீட்டில் கடன் கேட்டு வாங்கிய சீனியும் அதில் போனது.

“அம்மா, இது சொக்லட்டா, செங்கல்லா?” என்று மகள் விதுஷா சிரித்தாள்.

அழகர் சிரிக்கவில்லை. ஒரு துண்டை வாங்கி, அதே பழைய மாதிரி கண்ணை மூடி மூக்கருகே வைத்தார். பிறகு கண்ணைத் திறந்து லெட்சுமியைப் பார்த்தார்.

“இது விக்கும்,” என்றார்.

ஊவா மாகாணத்திலேயே பெரிய மூக்கு சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு லெட்சுமியை யாராலும் பிடித்து நிறுத்த முடியவில்லை. பஸ்ஸில் கூடையோடு ஏறினாள், பசறையில் பள்ளிக்கூட வாசலில் நின்றாள், பண்டாரவளையில் கடை கடையாக ஏறி இறங்கினாள். வீட்டுக் கிரைண்டரை இரண்டு நாள் நிற்காமல் ஓட்டி எரித்தாள், இன்னொன்று வாங்கி அதையும் எரித்தாள். பதுளையில் பயிற்சி வகுப்புக்குப் போனாள். அந்தப் பக்கத்தில் அதற்கு முன் சொக்லட் செய்து விற்றவர் யாரும் இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் ஆளும் இல்லை. இந்தியாவிலிருந்து சொக்லட் அரைக்கும் கல் மெஷின் வந்தபோது, வீட்டோடு ஒட்டி இரண்டு அறை கட்டினாள். சொக்லட் கண்ட வாசத்தையும் இழுத்துக்கொள்ளும் என்று வகுப்பில் சொன்னதால், கதவில் எழுதி ஒட்டினாள்: ‘உள்ளே தலையில் பூ வேண்டாம், ஊதுபத்தி வேண்டாம்’. பெண்கள் வாசலில் பூவைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். ஒவ்வொரு முறை அரைத்து முடித்ததும் ஒரு துண்டு அழகரிடம் போகும். அவர் கையைக் கழுவிவிட்டு வாசலிலிருந்த மரவாங்கில் தயாராக உட்கார்ந்திருப்பார். அவர் “சரி” என்றால்தான் உறை போடுவார்கள்.

ஆகவே அந்தத் திங்கட்கிழமையும் அவரிடம்தான் போனாள்.

“புகை மணக்குதாம். எனக்கு ஒண்ணும் தெரியலைங்க. கொட்டையிலதான் ஏதோ கோளாறு போல. ரெண்டு வாரமா மழை, ஹுமைத் நானா அடுப்புக்கு மேல போட்டுக் காய வச்சிருப்பாரோன்னு தோணுது.”

அழகர் சொக்லட்டை முகர்ந்தார். பிறகு வறுக்காத கொட்டை ஒன்றை வாங்கி நகத்தால் உரித்து, மூக்கருகே வைத்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

“ஆமா. கொட்டையிலதான் பொக பட்டிருக்கு,” என்றார்.

ஹுமைத் பிபிலைப் பாதையில் கொக்கோ சேர்க்கும் வியாபாரி; முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்பார்கள். முதல் துவாய்க் கொட்டையைக் காசு வாங்காமல் கொடுத்த மனுஷன். சனிக்கிழமை தோறும் சுற்றுவட்டாரத் தோட்டக்காரர்கள் எல்லாரும் அவர் கொட்டகைக்குக் கொட்டை கொண்டுவருவார்கள். அந்தச் சனிக்கிழமையே லெட்சுமி அவர் அனுப்பிய இரண்டு சாக்கையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினாள். பத்துப் பேர் நிற்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை. ஒரு பிடி கொட்டையை அள்ளித் தரையில் போட்டாள்.

“அடுப்புல காய வச்சத என் தலையில கட்டாதீங்க நானா. எங்க வீட்டுக்காரரு மோந்து பாத்துட்டுச் சொல்லிட்டாரு.”

“அக்கா, நான் அடுப்புல காய வைக்கிற ஆளில்ல,” என்றார் ஹுமைத்.

“அப்ப அவரு மூக்கு பொய் சொல்லுதா?”

நின்றவர்கள் ஹுமைத்தின் மற்றச் சாக்குகளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஹுமைத் குனிந்து, தரையில் கிடந்த கொட்டைகளைப் பொறுக்கத் தொடங்கினார். லெட்சுமி ஆட்டோவில் ஏறினாள். நாலே நாளில் பதுளையிலிருந்து வரும் மிளகு வியாபாரிகூட ஹுமைத்தின் சரக்கைத் திருப்பிவிட்டதாகப் பேச்சு வந்தது. அதைக் கேட்டு அவளுக்கு மனம் உறுத்தவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தப்பு செய்தவனுக்குப் பட்டால்தான் புத்தி வரும் என்று நினைத்துக்கொண்டாள்.

வேறு இரண்டு தோட்டக்காரர்களிடம் மிச்சம் மீதி இருந்த கொட்டையைப் பொறுக்கி வாங்கி, வறுத்து, அரைத்து, புதிதாக நாற்பது கிலோ செய்தாள். வியாழக்கிழமை அதைத் தட்டுகளில் ஊற்றி, துணி மூடி, உள்ளறையில் ஆற வைத்தாள். அழகர் முகர்ந்து “சரி” என்றார். அவளுக்கு மூச்சு வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளி தோறும் அவள் பண்டாரவளைக் கடைகளுக்குச் சரக்குக் கொண்டுபோவாள், திரும்பி வர இருட்டிவிடும். பெண்களுக்கும் அன்று அரை நாள் வேலைதான். ஆனால் அன்று பசறைக்கு இந்தப் பக்கம் மண் சரிந்து பாதையை மூடிவிட்டது. இரண்டு மணி நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு பஸ்ஸைத் திருப்பிவிட்டார்கள். நாலரை மணிக்கெல்லாம் லெட்சுமி கூடையோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வாசலில் ஆள் இல்லை. உள்ளறைக் கதவு ஒருக்களித்திருந்தது.

தள்ளினாள். உள்ளே எதிர்ச்சுவர் தெரியவில்லை. அவ்வளவு புகை. நடுவில் அழகர் நிற்கிறார், கையில் சாம்பிராணிச் சட்டி. சிரட்டைக் கரி கனன்றுகொண்டிருக்கிறது. துணி மூடிய தட்டுகளுக்கு மேலே சட்டியைச் சுற்றிக் காட்டிக்கொண்டு, வாய்க்குள் ஏதோ சாமி பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். லெட்சுமிக்கு இருமல் பிடுங்கியது, கண்ணில் தண்ணீர் கொட்டியது.

“என்னங்க இது?”

அழகர் திடுக்கிட்டுத் திரும்பினார். “நீ எப்ப வந்த? ஒண்ணுமில்ல லெச்சுமி. கண்ணு பட்டிருக்கு நமக்கு. தை மாசம் மிசினு எரிஞ்சுச்சு, அடுத்த வாரமே நீ படியில உருண்ட. அதான் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம போட்டு விடுறேன். சொன்னா நீ கோவிச்சுக்குவ. சன்னல தொறந்துதான் வச்சிருக்கேன்.” கொஞ்சம் நிறுத்தி, “சும்மா ஒரு சிட்டிகதான். வாசம்கூட லேசாத்தானே இருக்கு?” என்றார்.

லெட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். புகை என்று ஜெயமலர் சொன்னபோது அவளுக்கு அடுப்பு ஞாபகம் வந்தது, விறகு ஞாபகம் வந்தது, மழையில் நனைந்த கொட்டை ஞாபகம் வந்தது. சாம்பிராணி வரவே இல்லை. அதை யார் புகை என்று நினைப்பார்கள்? அது வெள்ளிக்கிழமையின் வாசம், சாமியின் வாசம், பிறந்ததிலிருந்து அவள் தலைமயிரிலும் சேலையிலும் ஊறிக் கிடக்கும் வாசம். அதை வாயில் வைத்து மென்றும் அவளுக்குத் தெரியாமல் போனது அதனால்தான். கொழும்புக்காரரின் நாக்குக்கு அது வெறும் புகை.

“வெளிய கொண்டு போங்க,” என்று மட்டும் சொன்னாள். நாற்பது கிலோவும் போனது போனதுதான்.

ஆனால் அன்றிரவு அவளைத் தூங்கவிடாமல் அடித்தது அந்த நாற்பது கிலோ இல்லை. லேசான வாசம் என்று சொன்னாரே, அந்தப் பேச்சு. இவள் மூச்சுத் திணறி நிற்கிறாள், ஒரு பிடி சாம்பிராணி போட்டிருக்கிறார், லேசாம்.

விடிந்ததும் அடுப்பில் பால் வைத்துவிட்டுப் பின்பக்கம் முகம் கழுவப் போனாள். பால் தீயும் நாற்றம் அங்கே வரைக்கும் வந்தது. ஓடி வந்தாள். சட்டியின் அடி கறுத்துப் புகைந்துகொண்டிருந்தது. அடுப்பிலிருந்து ஒரு முழம் தள்ளி, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு அழகர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“பால் கொதிச்சிருச்சா?” என்று தலை நிமிராமல் கேட்டார்.

லெட்சுமி சட்டியை இறக்கி வைத்தாள். எவ்வளவு நாளாக? யாரை நம்பி ‘அழகர் நுகர்ந்து பார்த்தது’ என்று அச்சடித்து ஊர் ஊராக விற்றாள்? அந்த மூக்கை வைத்துத்தானே ஒரு நல்ல மனுஷன் மேல் பழி போட்டாள்? புருஷனின் சட்டையைப் பிடித்து உலுக்கவும் தோன்றியது, அவர் தலையைத் தடவிக் கொடுக்கவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் சேலையை மாற்றினாள். இன்னும் ஏழு நாள்தான் இருந்தது. புகை படாத கொட்டை, மழைக்கு முன்னே வெயிலில் காய்ந்த கொட்டை, இந்தப் பக்கத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது: அவள் திருப்பிக் கொடுத்த அந்த இரண்டு சாக்கு.

விதுஷாவையும் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனபோது மணி ஒன்பது. அதே ஆட்கள், அதே தராசு. ஹுமைத் அவளைக் கண்டும் காணாததுபோல் சாக்கை நிறுத்துக்கொண்டிருந்தார். வா என்றும் சொல்லவில்லை. அவருடைய மனைவி முஷ்ரிபா வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

“நானா, அந்த ரெண்டு சாக்கும் இருக்கா?”

“ஈக்கிது.”

“எனக்கு வேணும். உங்க கொட்டையில தப்பில்ல.”

ஹுமைத் தராசை விட்டுக் கையை எடுத்தார். “என்கிட்ட மெதுவாச் சொல்றீங்க. போன சனிக்கிழம மெதுவாச் சொல்லலியே. அங்க நின்னுதானே கொட்டைய வீசினீங்க? அங்கயே நின்னு சொல்லுங்க.”

விதுஷா அம்மாவின் கையைப் பிடித்தாள். லெட்சுமி அதை விடுவித்துக்கொண்டு, போன வாரம் நின்ற அதே இடத்தில் போய் நின்றாள். வாழ்க்கையில் அவள் யாரிடமும் தலை குனிந்ததில்லை; கொழுந்து நிறுக்கும்போது கணக்குப்பிள்ளையிடம்கூடச் சண்டை பிடித்தவள்.

“எல்லாரும் கேளுங்க. ஹுமைத் நானா கொட்டையில பொகையும் இல்ல, ஒண்ணும் இல்ல. தப்பு எங்க வீட்டுல. நான் அவர் பேரக் கெடுத்துட்டேன். என்னய மன்னிக்கணும்.”

சாக்கின் மேல் உட்கார்ந்திருந்த ஷிபான் என்ற தோட்டக்காரன்தான் கேட்டான். “அழகர் அண்ணன் மோந்து பாத்துச் சொன்னாருன்னு சொன்னீங்களே அக்கா. அப்ப அந்த மூக்கு?”

எல்லார் கண்ணும் அவள் மேல். ஒரு வார்த்தை போதும். உண்மை வெளியே வந்துவிடும். அவள் மேலுள்ள பழி பாதி குறையும். இருபத்தைந்து வருஷம் துரையே எதிர்த்து வாய் திறக்காத மனுஷனைச் சாயங்காலத்துக்குள் லுணுகலை பஸ் நிலையம் முழுக்கச் சிரித்துத் தீர்த்துவிடும்.

“அவருக்கு நான் காட்டவே இல்ல,” என்றாள் லெட்சுமி. “கோவத்துல நானேதான் அவர் பேரச் சொன்னேன். அதுவும் என் தப்புதான்.”

ஹுமைத் தராசைத் தள்ளி வைத்தார். பிறகு உள்ளே போய்ச் சாக்குகளைத் தானே தூக்கி வந்து ஆட்டோவில் வைத்தார். அந்தக் கொட்டகைக்கு வருகிற யாரும் தேத்தண்ணி குடிக்காமல் போனது கிடையாது. அன்று லெட்சுமிக்குத் தேத்தண்ணி வரவில்லை.

உள்ளறையின் சுவரைச் சுரண்டிப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்தார்கள். தட்டு, துணி, மேசை எல்லாம் கொதிநீரில் கழுவினார்கள். இருந்தும் நம்பிக்கை வராமல், மெஷினை விதுஷாவின் அறைக்கு மாற்றினாள் லெட்சுமி. ஞாயிற்றுக்கிழமை வறுத்து, உடைத்து, அன்று மாலையே கல் சுற்றத் தொடங்கியது. திங்கள் மத்தியானம் கரண்ட் நின்றது. கல் நின்றால் உள்ளே இருப்பது இறுகிவிடும். பெண்கள் சுடுநீர்ப் போத்தல்களைத் துணியில் சுற்றி மெஷினைச் சுற்றி அடுக்கிவிட்டு, சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. கல் ஒரு முனகு முனகிவிட்டுச் சுற்றியது. அழகர் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கொட்டகையில் நடந்ததை விதுஷா அவரிடம் சொல்லிவிட்டாள் என்பது லெட்சுமிக்குத் தெரியாது.

புதன்கிழமை சொக்லட் இறுகியது. அழகர் கையைக் கழுவிவிட்டு வாங்கில் வந்து உட்கார்ந்தார். லெட்சுமி ஒரு துண்டை எடுத்தாள். அவரிடம் போகவில்லை. அவரை மறுபடி நடிக்க வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. பின்கதவால் இறங்கி, வீட்டு வாசமே எட்டாத தூரத்துக்கு, தேயிலைக்குள் ஏறிப் போனாள். முன்னமே தலை முழுகி, வெயிலில் உலர்த்திய புதுச் சேலை கட்டியிருந்தாள். கொண்டுபோன வெந்நீரில் வாயைக் கொப்பளித்தாள். கால் மணி நேரம் வெறும் காற்றை இழுத்துவிட்டுத்தான் அந்தத் துண்டை மூக்கருகே கொண்டுபோனாள்.

நல்லதா, கெட்டதா? சொல்ல யாரும் இல்லை. நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவள் மூக்கு தனியாக நின்றது. மூன்று தடவை முகர்ந்தாள், பிறகு மென்றாள். புகை இல்லை என்று நினைத்தாள். நினைத்தாளே தவிர, சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ணியிருக்க மாட்டாள். கீழே வந்து “உறை போடுங்க” என்றாள். வாங்கு காலியாக இருந்தது. அழகர் எழுந்து போய்விட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை அழகரைக் காலையிலிருந்து காணவில்லை. சாயங்காலம் வந்தார். சாம்பிராணிச் சட்டியைத் தொடவில்லை.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஜெயமலரும் செஃபும் வந்தார்கள். செஃப் பேச்சுக் குறைந்த ஆள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. கதவில் ஒட்டியிருந்ததை ஜெயமலர் வாசித்துச் சொல்லக் கேட்டார், அறையைச் சுற்றிப் பார்த்தார், மூக்கால் இரண்டு தடவை இழுத்தார். பிறகு ஒரு சொக்லட்டை எடுத்து உறையைப் பிரித்து, காதருகே வைத்து உடைத்தார். முகர்ந்தார். வாயில் போட்டார். சன்னலுக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஐந்து பெண்களும், வேலையை விட்டு வந்த மூன்று பெண்களும் சுவரோரம் நின்றார்கள். லெட்சுமி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள்.

அவர் திரும்பி ஜெயமலரிடம் சிங்களத்தில் நாலு வார்த்தை சொன்னார். இன்னொரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

“சரியாம் அக்கா,” என்றாள் ஜெயமலர். “வாற மாசத்தில இருந்து அனுப்புங்கோவாம்.” அவளுக்கே முகம் மலர்ந்துவிட்டது. உறையைத் திருப்பிப் பார்த்தவள், வாசலில் நின்ற அழகரைக் கண்டாள். “நீங்கள்தானே ஐயா இது? இதையும் நீங்கள்தான் மணந்து பார்த்தனீங்களோ?”

லெட்சுமி வாயைத் திறப்பதற்குள் அழகர் முந்திக்கொண்டார்.

“இல்லம்மா. அது அவ பாத்தது.”

வாகனம் வளைவு திரும்பி மறைந்தது. பெண்கள் உள்ளே போய்விட்டார்கள். வாசலில் இரண்டு பேரும்தான். அழகர் வாங்கில் உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டார். லெட்சுமி உட்காரவில்லை.

“நேத்து ஹுமைத்துகிட்ட போயிட்டு வந்தேன்,” என்றார் அவர். “உள்ளதச் சொல்லிட்டேன். கொட்டகையில ஆளுங்க இருந்தாங்க. அவங்களும் கேக்கட்டும்னுதான் சொன்னேன்.”

“என்னன்னு சொன்னீங்க?”

“மூக்கு செத்துப் போச்சுன்னு. அந்தக் காய்ச்சல்ல போனது, திரும்பி வரவே இல்ல. எல்லாருக்கும் வந்துச்சு. எனக்கும் வந்துருச்சுன்னு சொல்லி வச்சேன். மூக்கு இல்லாட்டி நான் யாரு லெச்சுமி? ஆலையில கடைசி ஒரு வருஷம் கொழுந்து நெறத்தப் பாத்துச் சமாளிச்சேன். சாம்பிராணி போட்டா வாசம் போயிருச்சா, நிக்கிதான்னு எனக்கு எப்படித் தெரியும்?” அவர் தரையைப் பார்த்தார். “தேத்தண்ணி குடுத்தாரு. உன்னையும் வரச் சொன்னாரு.”

லெட்சுமிக்குக் கோபம்தான் முதலில் வந்தது. வந்த வேகத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். காய்ச்சல் வந்தது ஆலை மூடுவதற்கு முன்னால். அவள் ஆட்டுக்கல்லில் அரைத்தது மூடிய பிறகு.

“அப்ப மொத நாளு? விதுஷா செங்கல்லுன்னு சிரிச்சாளே, அன்னைக்கு? மோந்து பாத்து விக்கும்னு சொன்னீங்களே. அதுவும் பொய்யா? அத நம்பித்தானே நான் கூடையத் தூக்கினேன்.”

“விக்கத்தானே செஞ்சுச்சு.”

“மூக்கு இல்லாம எப்படிச் சொன்னீங்க?”

“உன் மொகத்தப் பாத்து,” என்றார் அழகர். “நீ தின்னு பாத்துட்டுத்தானே எப்பவும் என்கிட்ட கொண்டாருவ. நல்லா வந்துச்சுன்னா உன் மொகத்துல அது இருக்கும். சரியில்லாட்டி, அதுவும் இருக்கும். நாலு வருசமா அதப் பாத்துத்தான் சரின்னேன், சரியில்லேன்னேன். ஹுமைத்து கொட்டையில பொகன்னு சொன்னதும் அப்படித்தான். நீ முடிவு பண்ணிட்டு வந்த. நான் திருப்பிச் சொன்னேன்.”

சரி என்றவளும் அவள்தான், பழி சொன்னவளும் அவள்தான். நாலு வருஷமாக அவள் முகத்தையே அவளுக்குத் திருப்பிக் காட்டியிருக்கிறார் மனுஷன். அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. எதையும் காட்டக்கூடாது என்று முகத்தை இறுக்கிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

“இப்பப் பாருங்க. என்ன தெரியுது?”

அழகர் அவசரப்படவில்லை. முன்பு கொழுந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாரே, அத்தனை நேரம் எடுத்து அவள் முகத்தைப் பார்த்தார்.

“பசிக்குது உனக்கு,” என்றார். “நேத்து ராத்திரியிலேர்ந்து நீ ஒண்ணும் சாப்பிடல.”